கேட்டுட்டுப் போனவங்க

அண்ணே, நேத்து போன்ல கேட்டியே, "அம்மாவுக்கு எம்மேல அப்படி என்ன கோவம், நான் கூப்புட்டாலே போன ராசாத்தி அத்தை கைல குடுத்துட்டு எந்திரிச்சுப் போயிடுது"ன்னு. ஹாஸ்டல் ரூம்ல ஆளுங்க இருந்தாங்க, அதான் ஒண்ணும் சொல்லல. இப்ப மொட்டமாடிக்கு வந்து தனியா பேசி ரெக்கார்டு பண்ணி அனுப்புறேன். கடைசி வரைக்கும் கேளு. நடுவுல "தெரியும் தெரியும்"னு தள்ளி விட்டுடாத. உனக்குப் பாதிதான் தெரியும்.

அம்மா வாயாலதான் கேஸ் தோத்துச்சுன்னு நீ சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சுருக்க. நெசந்தான். ஆனா எப்படித் தோத்துச்சுன்னு நீ பாக்கல, நீ சிங்கப்பூர்ல இருந்த. நான் பாத்தேன்.

நம்ம முக்கா ஏக்கர் கொல்லைக்குப் போவ அய்யம்பெருமாள் தென்னந்தோப்பு நடுவுல போற தடத்த விட்டா வேற பாதை இல்ல. தாத்தாவுக்கு கவர்மெண்ட்டு பூமி குடுத்த காலத்துலேருந்து அதான் வழி. தோப்பு மொனையில நின்னு செருப்பக் கழட்டிக் கைல எடுத்துக்கணும். "ஐயா, போயிக்கிறேங்க"ன்னு ஒரு சத்தம் குடுக்கணும். உள்ளேருந்து "ம்"னு வரும். அப்பறம்தான் காலு உள்ள போவும். அம்மா இருக்கே, தோப்புல ஆளே இல்லாட்டியும் கத்திட்டுத்தான் போவும். "தென்ன மரமாம்மா உனக்கு உத்தரவு குடுக்குது"ன்னு நீ கூட கிண்டல் பண்ணுவ. "சும்மா இருடா, கேட்டா வாயி தேஞ்சா போவுது"ன்னும்.

கேக்காம போனவரு ஒருத்தருதான், நம்ம சின்னதுரை சித்தப்பா. தொண்ணூத்தஞ்சுல. "எத்தன காலத்துக்குத்தான் கேக்குறது"ன்னு மாட்டு வண்டிய நேரா ஓட்டிக்கிட்டுப் போனாரு. தோப்புக்குள்ளயே மறிச்சு அடிச்சாங்க. அரியலூர் ஆசுபத்திரியில கெடந்தாரு. போலீசுக்குப் போவல. அப்பாதான் அய்யம்பெருமாள் வாசல்ல போயி நின்னு, தம்பி தெரியாம செஞ்சுட்டான்னு கைய கட்டிக்கிட்டு சொல்லிட்டு வந்தாரு. அன்னையிலேருந்து அம்மா இன்னும் சத்தமா கேக்க ஆரம்பிச்சுது.

அப்பறம் அப்பா போயிட்டாரு. பட்டா அம்மா பேருக்கும் உன் பேருக்கும் மாறுச்சு. என் பேரு சேக்கல, அது வேற கத, விடு.

ரெண்டாயிரத்து மூணுல நீ பணம் அனுப்பி போர் போடச் சொன்ன. போர் வண்டி தோப்பு மொனைக்கு வந்து நின்னுச்சு. அய்யம்பெருமாள் மவன் செந்தில்குமார் வந்து, "நடந்து போறதுக்குத்தான் விட்டுருக்கோம், லாரி போறதுக்கு யாரு விட்டா"ன்னான். அம்மா கெஞ்சுச்சு. மறுநாளே முள்ளுக்கம்பி போட்டு ஒரு கேட்டும் வச்சுட்டான். நடக்குறதும் போச்சு. அப்பதான் நீ போன்ல கத்துன, "போடும்மா கேஸ, இத்தன வருஷம் நடந்துருக்கோம், நமக்கு உரிமை இருக்கு"ன்னு. நான் அப்பதான் இங்க லா காலேஜுல சேந்துருந்தேன், எனக்கும் ஒரே தைரியம்.

நம்ம வக்கீல் ஒரு விஷயம் மொதல்லயே சொல்லிட்டாரு. இருவது வருஷம் தொடந்து, அமைதியா, வெளிப்படையா, உரிமையோட நடந்துருந்தா வழி நமக்கு. "சித்தப்பா அடி வாங்குனத வாயே தெறக்காதீங்க. சண்டை நடந்துச்சுன்னு தெரிஞ்சா அமைதியா நடந்தோம்னு எப்படி சொல்றது? அங்கேயே அறுந்துடும்"னாரு. சித்தப்பா பக்கத்துலதான் நின்னாரு. தோள்ல இருந்த தழும்பு மேல துண்டப் போட்டு மூடிக்கிட்டாரு. "அப்ப நான் வாங்குன அடி அவனுக்குத்தான் சாட்சியா வக்கீலே?"ன்னாரு. வக்கீல் சிரிச்சாரு. நாங்களும் சிரிச்சோம், வேற என்ன பண்ண.

அம்மா சாட்சி சொல்ல வேண்டிய அன்னைக்கு நான் சென்னையிலேருந்து வந்துருந்தேன். அரியலூர் கோர்ட்டுக்கு எதுத்தாப்புல டீக்கடையில வச்சு வக்கீல் அம்மாவுக்கு சொல்லிக் குடுத்தாரு.

"கேட்டுட்டுப் போனீங்களான்னு அந்த வக்கீல் கேப்பான். என்ன சொல்லுவீங்க?"

"ஆமாங்கன்னு சொல்லுவேன்."

"போச்சு! இல்லன்னு சொல்லணும். எங்க வழி, நாங்க போவோம் வருவோம், யாரையும் கேக்க வேண்டியதில்ல. எங்க, ஒருக்கா சொல்லுங்க பாப்போம்."

அம்மா சொல்லிப் பாத்துச்சு. "எங்க வழிங்க"ன்னு ஆரம்பிச்சு, கடைசியில "போவோங்க"ன்னு முடிச்சுது. வக்கீல் தலையில கைய வச்சுக்கிட்டாரு. "அந்த 'ங்க'வ எடுங்கம்மா!"

"ஏங்க, கோர்ட்டுல மருவாதி இல்லாம பேசச் சொல்றீங்களா?"

நான் கெஞ்சுனேன். அம்மா என் மூஞ்சியப் பாத்துட்டு, சரி, இல்லன்னே சொல்றேன்னு ஒத்துக்கிச்சு. இது உனக்குத் தெரியணும் அண்ணே. அம்மா ஒத்துக்கிட்டுத்தான் உள்ள போச்சு.

எதுத்தரப்பு வக்கீல் நல்ல வயசானவரு. சண்ட போடுவாரு, மெரட்டுவாருன்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம். அவரு எந்திரிச்சதும், "அம்மா, ரொம்ப நேரமா நிக்கிறீங்க, தண்ணி குடிக்கிறீங்களா?"ன்னாரு. அவங்க பக்கத்து ஆளுங்க அம்மாவ அம்மான்னு கூப்புட்டு நான் அன்னைக்குத்தான் கேட்டேன். அம்மாவுக்கு மூஞ்சியே மாறிப் போச்சு. முந்தானைய இழுத்து நல்லா போத்திக்கிச்சு.

"உங்களப் பத்தி விசாரிச்சேன். ஊருல ஒருத்தரும் ஒரு கொறை சொல்லல. அடுத்தவங்க பொருள தொடாத குடும்பம்னாங்க. சரிதானுங்களே?"

"ஆமாங்க. எங்க வூட்டுக்காரரு, தேங்கா காலடியில விழுந்து கெடந்தாலும் ஓரமா எடுத்து வச்சுட்டுத்தான் வருவாரு."

"அப்படிப்பட்டவங்க, அடுத்தவரு தோப்புக்குள்ள சொல்லாம கொள்ளாம புகுந்து போயிருப்பீங்களா?"

அம்மா என்னப் பாத்துச்சு. நான் தலைய ஆட்டுனேன், இல்லன்னு சொல்லு, கேக்க மாட்டோம்னு சொல்லுன்னு. அதுக்கு எப்படித் தெரிஞ்சுதோ. அவரு, சொல்லாம புகுந்துருப்பீங்களான்னு கேட்டதுக்கு நான் இல்லன்னு தலைய ஆட்டுறேன்னு எடுத்துக்கிச்சு போல.

"இல்லீங்க. எங்கள அப்படி வளக்கல. கேட்டுக்கிட்டுத்தான் போவோம்."

"ஒவ்வொரு தடவையும்?"

"ஒவ்வொரு தடவையுங்க. ஆளு இல்லாட்டியும் ஒரு கொரலு குடுத்துட்டுத்தான் போவேன்."

"ஒரு நாளு அவரு வேண்டாம்னு சொல்லியிருந்தா?"

"திரும்பி வந்துருப்பேங்க. அவரு எடம்தானே."

அந்த வக்கீல் கும்புடு போட்டாரு அண்ணே. அம்மாவப் பாத்து ரெண்டு கையும் சேத்து கும்புட்டுட்டு, "ரொம்ப நன்றிம்மா, வேற கேள்வி இல்ல"ன்னு உக்காந்துட்டாரு. அம்மா கூண்டுலேருந்து எறங்கி வந்து எங்கிட்ட ரகசியமா, "நல்ல மனுசன்டி"ன்னுச்சு. கேஸ் முடிஞ்சதே தெரியல அதுக்கு. நம்ம வக்கீல் ஃபைல மூடுறதப் பாத்துதான் தெரிஞ்சுக்கிச்சு.

தீர்ப்பு வர இன்னும் கொஞ்ச காலம் ஆச்சு. இங்கிலீஷ்ல இருந்தத வக்கீல் படிச்சுச் சொன்னாரு. இவங்க இத்தன வருஷம் நடந்தது உண்மை. ஆனா கேட்டு, தயவுல நடந்துருக்காங்க. தயவு எத்தன வருஷம் ஆனாலும் உரிமை ஆவாது. அவ்வளவுதான். பெரம்பலூர்ல அப்பீல் போவலாமான்னு கேட்டதுக்கு, "உங்க அம்மா வாக்குமூலத்த வச்சுக்கிட்டு எங்க போனாலும் இதான்"னுட்டாரு.

அன்னைக்கு ராத்திரி நீ போன்ல என்ன சொன்ன? "ஒரே ஒரு 'இல்ல' சொல்லத் தெரியாத பொம்பள"ன்ன. ஸ்பீக்கர்ல இருந்துச்சு அண்ணே. அத்தை வூட்டு போனு, அது கத்தும். அம்மா பக்கத்துல அரிசி பொடச்சுக்கிட்டு இருந்துச்சு. தலைய தூக்கவே இல்ல.

அடுத்த மாசம் காலேஜுல லீலாவதி மேடம் ரோமாபுரி சட்டம் எடுத்தாங்க. இங்க நம்ம சட்டத்துல பாதி அங்கேருந்து இங்கிலாந்து வழியா வெள்ளக்காரன் கொண்டாந்ததுன்னு சொல்லிட்டு, போர்டுல மூணு வார்த்தை எழுதுனாங்க, லத்தீன்ல. அடிதடி பண்ணிப் போவக்கூடாது. ஒளிஞ்சு போவக்கூடாது. கேட்டுப் போவக்கூடாது. இந்த மூணும் இல்லாம போனாத்தான் காலப்போக்குல உரிமையாவும். நம்ம வக்கீல் அமைதியா, வெளிப்படையா, உரிமையோடன்னாரே, அதே மூணு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே எவனோ எழுதி வச்சுட்டானாம், அம்மா தோத்துடும்னு.

அங்கயும் வழியில மூணு தினுசாம். நடக்குறதுக்கு ஒண்ணு, மாடு ஓட்டிப்போவ ஒண்ணு, வண்டிக்கு ஒண்ணு. செந்தில்குமார் லாரிய மறிச்சுக்கிட்டு சொன்னானே, அதேதான். அந்த ஆளு பத்தாங்கிளாஸ் தாண்டல, ரோமாபுரி சட்டம் பேசியிருக்கான்.

மேடம் இன்னொண்ணும் சொன்னாங்க. அங்க பெரிய குடும்பத்துக்காரங்க, தங்கள அண்டிப் பொழைக்கிறவங்களுக்கு நெலத்த தயவா உழுதுக்கச் சொல்லி விடுவாங்களாம், எப்ப வேணும்னாலும் புடுங்கிக்குவாங்களாம். கேட்டு வாங்குனது எத்தன காலம் ஆனாலும் உரிமை ஆவாதுங்கறது அங்கேருந்து வந்ததா இருக்கலாம்னாங்க. அப்ப ரோமாபுரியிலயும் ஒரு அய்யம்பெருமாள் இருந்துருக்கான். அவன் தோப்பு மொனையிலயும் நம்ம அம்மா மாதிரி ஒரு ஆண்டாயி செருப்பக் கைல புடிச்சுக்கிட்டு நின்னுருக்கு.

நான் எந்திரிச்சு கேட்டேன். "மேடம், கேட்டுப் போனா தயவுன்னு சொல்றாங்க. கேக்காம போனா அடிக்கிறாங்க. அடிச்சா அமைதியா போவலன்னு சொல்றாங்க. அப்ப எப்படித்தான் மேடம் போறது?"

கிளாஸ் சிரிச்சுது. பின்னாடி ஒருத்தன், "பறந்து போ சுகன்யா"ன்னான். மேடம் சிரிக்கல. அப்பறம், "இது அஞ்சு மார்க் கேள்வி, மூணு வார்த்தையும் எழுதி ஒரு உதாரணம் குடுத்தாப் போதும்"னுட்டு அடுத்ததுக்குப் போயிட்டாங்க.

அன்னைக்கே அம்மாவுக்கு போன் போட்டு இதெல்லாம் சொன்னேன். அம்மா பொறுமையா கேட்டுச்சு. "ஆக, மருவாதியா கேட்டதுதான் தப்பு?"ன்னுச்சு.

"சட்டத்துக்கு அப்படித்தாம்மா."

"இனிமே கேக்காம போனா?"

"திரும்ப மொதல்லேருந்து இருவது வருஷம் எண்ணணும்மா."

"எண்ணுவோம்"னுச்சு. அம்மாவுக்கு அம்பது வயசு அண்ணே. "நான் போனா நீ எண்ணு"ன்னுச்சு. விளையாட்டுக்கு சொல்லுதுன்னு நெனச்சேன்.

இந்தப் பொங்கலுக்கு நீ வந்த. செந்தில்குமார் உன்ன கூப்புட்டு அனுப்புனான். போயிட்டு வந்து நீ எங்கிட்ட மட்டும் சொன்ன, "சேர் போட்டு உக்கார வச்சாங்க சுகன்யா, அவங்க வூட்டு டம்ளர்லயே காப்பி குடுத்தாங்க"ன்னு. உன் மூஞ்சி அம்மா கூண்டுல நின்னப்ப இருந்த மாதிரியே இருந்துச்சு. எழுதி ஒரு பேப்பர் வச்சுருக்கான், வழியில எங்களுக்கு உரிமை இல்ல, உங்க அனுமதியில போறோம்னு கையெழுத்துப் போட்டா கேட்டத் தெறந்து விடுறானாம், போர் வண்டியும் போவலாமாம்னு சொன்ன. போடாத, அம்மாகிட்ட கேளுன்னேன். "உரிமையா தயவான்னு பாத்துக்கிட்டு இருந்தா பயிரு காஞ்சிடும். நாலு வருஷமா தரிசா கெடக்கு. நான் அங்க கப்பல் பட்டறையில வெயில்ல வேவுறது இதுக்கா"ன்ன. நீ சொன்னது தப்புன்னு நான் இன்னைக்கும் சொல்லல. ஆனா போட்டுட்டேன்னு சொல்லலியே நீ. ரெண்டு நாளு வூட்டுல சாப்புட்டுக்கிட்டு இருந்த, சொல்லல.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளு நீ டிக்கெட் விஷயமா திருச்சி போயிட்ட. அன்னைக்குக் காலையில அம்மா எந்திரிச்சு தல வாரி, நல்ல சீல கட்டிக்கிட்டு, கத்திரி நாத்துக் கட்ட கூடையில வச்சுத் தலையில தூக்கிக்கிச்சு. "எங்கம்மா?"ன்னேன். "கொல்லைக்கு"ன்னுச்சு. நானும் பின்னாடியே ஓடுனேன். தோப்பு மொனைக்குப் போனா கேட்டு தெறந்து கெடக்கு. அம்மாவுக்கே சந்தேகம், ஒரு நிமிஷம் நின்னுச்சு. அப்பறம் செருப்போட உள்ள காலு வச்சுது. கத்தல. ஒரு வார்த்தை சொல்லல. கழுத்து நேரா, கூடை ஆடாம, தடத்துக்கு நடுவுல நடந்துச்சு. சித்தப்பாவ அடிச்ச எடம் வந்தப்ப நான் சுத்தி சுத்திப் பாக்குறேன். அம்மா பாக்கல. எங்கம்மா அப்படி நடந்து நான் பாத்ததே இல்ல அண்ணே.

மோட்டார் கொட்டா பக்கத்துல அய்யம்பெருமாள் சேர் போட்டு உக்காந்துருந்தாரு. பக்கத்துல காவக்கார அய்யாக்கண்ணு. நான் பயந்த மாதிரி அந்த மனுசன் கத்தல. சிரிச்சுக்கிட்டே, "போ ஆண்டாயி, போயிட்டு வா. உத்தரவு குடுத்தாச்சு"ன்னாரு.

அம்மா நின்னுச்சு. "நான் கேக்கலீங்களே"ன்னுச்சு.

"நீ கேக்காட்டி என்ன, உன் மவன் கேட்டுட்டான். கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்கான். இனிமே நீ கத்தவே வேணாம், தாராளமா போ, செருப்புக் காலோடயே போ. அய்யாக்கண்ணு, நீயும் கேட்டுக்க, நான் ஆண்டாயிக்கு உத்தரவு குடுத்துருக்கேன்."

காவக்காரரு தலைய ஆட்டுனாரு.

அம்மா என்னப் பாத்து திரும்பி, "கேக்காம போனாலும் குடுத்துடலாமாடி? அப்படி சட்டம் இருக்கா?"ன்னுச்சு. அவங்க ரெண்டு பேரு முன்னாடியே. கையெழுத்து இருக்கு. இருவது வருஷம் இல்ல, இருநூறு வருஷம் நடந்தாலும் இனிமே அது அவரு தயவுதான். நான் தலைய குனிஞ்சுக்கிட்டேன், அம்மாவுக்குப் புரிஞ்சுடுச்சு. நடுத்தோப்புல அப்படியே திரும்புச்சு. வந்த வழியே வெளிய வந்துடுச்சு. அய்யம்பெருமாள் பின்னாடி, "அட, போன்னுதானே சொன்னேன்"ங்குறாரு. அது எனக்கு இன்னும் காதுல கேக்குது.

சாயங்காலம் நீ வந்த. அம்மா சோறு போட்டுச்சு, கறி வச்சுச்சு. ஒண்ணும் கேக்கல உன்ன. நீ நல்லபடியாத்தான் இருக்குன்னு நெனச்சுக்கிட்டு ஊருக்குப் போயிட்ட.

மாசியில போர் வண்டி அந்த கேட்டு வழியாத்தான் உள்ள போச்சு. தண்ணி நல்லாத்தான் வருது, உனக்கு அத்தை சொல்லியிருக்கும். ஆனா அம்மா தோப்பு வழியா போவல. திருமழபாடி ரோட்டுல பாதி தூரம் போயி, கொள்ளிடத்துல எறங்கி, மணலோட மணலா சுத்தி வந்து, நம்ம கொல்லைக்குப் பின்னாடி கரை ஏறுது. ஒரு எட்டுல போற எடத்துக்கு வெயில்ல அம்புட்டுத் தூரம், தலையில கூடையோட. "ஆறு யாருதுடி?"ன்னு ஒரு நாளு போன்ல கேட்டுச்சு. அரசாங்கத்துதும்மா, எல்லாருக்கும் பொது, எவனும் மறிக்க முடியாதுன்னேன். அதுவும் அந்த ரோமாபுரிக்காரன் சொன்னதுதான், ஆறு எல்லாருக்கும் பொதுன்னு. அந்த ஒண்ணாவது நமக்குத் தோதா இருக்கேன்னு சந்தோசமா சொன்னேன்.

இப்ப மேட்டூர் ரொம்பி கொள்ளிடத்துல தண்ணி விட்டுட்டாங்க. முந்தாநாளு அம்மா இடுப்பளவு தண்ணியில எறங்கிப் போயிட்டு, கூடைய நனைக்காம வந்துருக்கு. நேத்து அதுக்கும் மேல. கரையில ஆடு மேச்சவங்க சத்தம் போட்டு திருப்பி விட்டுருக்காங்க. ராசாத்தி அத்தை அழுதுக்கிட்டு எனக்கு போன் பண்ணுச்சு. நான் அம்மாகிட்ட பேசுனேன். "தண்ணி வடியற வரைக்கும் தோப்பு வழியா போம்மா, உன் கால்ல விழுறேன்"னேன். "ஆத்துக்கு யாரையும் கேக்க வேணாம்டி"ன்னுச்சு. அதுக்கு மேல பேசல. கத்திரி காய்க்க ஆரம்பிச்சுடுச்சு, பறிக்காம விட்டா முத்திடும். நாளைக்கும் எறங்கும். எனக்குத் தெரியும், எறங்கும். நான் பஸ்ஸுக்கு இன்னைக்கு கெளம்புனாலும் விடிஞ்சுதான் போவேன்.

அண்ணே, நீ இத கேட்ட ஒடனே அத்தை வூட்டுக்கு போன் போடு. அம்மா வாங்கலன்னா ஸ்பீக்கர்ல போடச் சொல்லு, எப்படியும் காதுல விழும். அந்தப் பேப்பர ரத்து பண்ணிட்டேன், வக்கீல் வச்சு எழுதி அனுப்பிட்டேன், இனிமே நீ கேக்காமலே போவலாம்னு சொல்லு. ரத்து பண்ணாலும் ஒண்ணும் ஆவாது, தீர்ப்பு அப்படியேதான் இருக்கும், எனக்குத் தெரியும். பொய்தான். சொல்லு. அம்மாவுக்கு வராத பொய் நம்ம வூட்டுல ஒருத்தருக்காவது வரட்டும்.